சீற்றுக்கு அடியில் சிவப்பு

கிருபைரட்ணத்துக்கு வெளிச்சத்தில் நம்பிக்கை கிடையாது. காட்டிக்கொடுக்கிறவர்களில் முதல் ஆள் வெளிச்சம், மனிதன் இரண்டாவது ஆள்தான் என்பது அவருடைய எண்ணம். வயது எழுபத்தொன்று. உடுவிலில் ஆறு பரப்புத் தோட்டமும் ஒரு பழைய சைக்கிளும் அவருக்குச் சொந்தம். சைக்கிளின் பின் மட்காட்டில் வெள்ளை பூசவேண்டும் என்று ஒரு காலத்தில் பொலிஸ்காரர் மறித்து மறித்துச் சொன்னார்கள். அவர் றோட்டுக்கு ஊற்றுகிற கறுத்தக் கீல் பூசினார். பொலிஸ்காரர் மாறிப்போனார்கள், காலமும் மாறிப்போனது, கீல் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு மாரிக்கு முன்னும் புதிதாக ஒரு பூச்சுப் பூசிவிடுவார்.

அந்தச் சைக்கிளுக்குத்தான் மகள் அபிகாயில் ஒரு நாள் பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து லைற் வாங்கிக்கொண்டு வந்தாள். முன்னுக்கு வெள்ளை, சீற்றுக்கு அடியில் பூட்ட ஒரு சிவப்பு. சிவப்பில் இருந்த பொத்தானை அமத்தினால் அது கண்ணைச் சிமிட்டத் தொடங்கியது. தனக்கு மினுங்கிற பட்டி வைத்த மஞ்சள் யக்கற் ஒன்றும் வாங்கியிருந்தாள்.

"என்ன பிள்ளை, என்னைத் தேர் கட்டி இழுக்கப்போறியோ?" என்றார் கிருபைரட்ணம்.

"பின்னாலை வாறவனுக்கு நீங்கள் தெரியவேணும் அப்பா."

"நான் ஏன் அவனுக்குத் தெரியவேணும்? அவன் ஆர்?"

"ஆராயிருந்தால் என்ன, இடிக்காமல் போகவேணுமே."

"கண்டால்தான் இடிப்பான்."

அபிகாயில் சிரித்தாள். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அபிகாயிலுக்கு முப்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரி வாட்டில் வேலை. விடிய ஆறு மணிக்குக் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்கு மருதனார்மடம் சந்தியில் ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். புருசன் கெல்வின் ஊரில் இருந்தவரைக்கும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டான். ஐப்பசியில் அவன் கட்டாருக்குப் போனான். அதற்குப் பிறகு அவள் சைக்கிளில் தனியே போகப்போவதாகச் சொன்னாள். அந்த இருட்டில் தனியே விடமாட்டேன், நானும் வருவேன் என்றார் தகப்பன்.

"லைற் போட்டால் வாங்கோ. இல்லாட்டி படுத்திருங்கோ. கண்ணுக்குத் தெரியாத ஆளைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நான் என்ன செய்ய?"

அவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டது வாய்தான்.

அவள் முன்னே போவாள். அவர் பத்துப் பதினைந்து முழம் பின்னே வருவார். முதுகுப் பக்கத்தால் எந்தக் கோதாரி வந்தாலும் முதலில் தன்னில் படட்டும் என்பது அவருடைய நினைப்பு. கறுப்புச் சுவெற்றர், கறுத்தச் சாரம், கீல் பூசிய மட்காட். இப்படி ஓர் ஆள் மகளுக்கும் வாகனத்துக்கும் நடுவில் நின்றால் மகளுடைய சிவப்பு லைற்றையும் சேர்த்தே மறைத்துவிடும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. காவல் காக்கிறவனுக்குத் தன் உருவம் எவ்வளவு பெரிது என்று தெரிவதில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு, அவருக்கு முப்பத்திரண்டு வயது. அவரும் அண்ணை செபநாயகமும் வெங்காயப் பிடிகளைக் கரியரில் கட்டிக்கொண்டு விடியப்புறம் சந்தைக்குப் போனார்கள். தூரத்தில் வாகனம் ஒன்று உறுமியது. கிருபைரட்ணம் பெருவிரலால் டைனமோவைத் தட்டி லைற்றை அணைத்துவிட்டு வேலியோடு ஒண்டினார். அண்ணை அணைக்கவில்லை. "நாங்கள் என்ன களவோ எடுத்தனாங்கள்?" என்று கேட்டார். அதுதான் அவருடைய கடைசிக் கதை. சுட்டது யார் என்று இன்றைக்கும் கிருபைரட்ணம் வாயால் சொல்லமாட்டார், கேட்டாலும் தெரியாது என்பார். அண்ணை விழுந்த பிறகும் சைக்கிளின் சில்லு சுற்றிக்கொண்டு கிடந்தது. சில்லுச் சுற்றச் சுற்ற டைனமோ லைற் எரிந்தது. வெங்காயங்கள் றோட்டில் உருண்டது அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. பிறகு சில்லு மெல்ல மெல்ல நின்றது, லைற்றும் அணைந்தது. வேலிக்குள் கிடந்தவர் அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு கிடந்தார். எழும்பிப் போகவில்லை.

அன்றிலிருந்து பின்னால் ஏதாவது உறுமினால் அவருடைய கை தானாக லைற்றை அணைக்கும். நினைத்துச் செய்வதல்ல. கண்ணுக்குள் தூசி விழ இமை மூடுவதுபோல.

இப்போதும் அதுதான் நடந்தது. ஒவ்வொரு விடியப்புறமும், பெரிய றோட்டில் ஏறியதும், பின்னால் இரைச்சல் கேட்டதும் இடது கை பிடியை விட்டுவிடும். சீற்றுக்கு அடியில் போய்ப் பொத்தானை அமத்தும். பிறகு முன் லைற்றையும் அணைக்கும். வாகனம் கடந்துபோன பிறகு இரண்டையும் திரும்பப் போடுவார். முன்னால் போகிற அபிகாயிலுக்கு இது தெரியாது. அவள் திரும்பிப் பார்க்கிற நேரமெல்லாம் லைற் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

தைமாதம் பனி இறங்கியது. செம்பாட்டுத் தோட்டங்களுக்கு மேலால் பனி புகைபோல வந்து றோட்டை மூடிக்கொண்டு நின்றது. அப்படி ஒரு நாளில் டிப்பர் வந்தது.

இரைச்சல் கேட்டது, கை போனது, லைற் அணைந்தது. அடுத்த மூச்சுக்குள் டிப்பர் அவருடைய முழங்கையை உரசாத குறையாகப் போனது. சுவர் ஒன்று ஓடிப்போவதுபோல் இருந்தது. அதன் காற்று அபிகாயிலைத் தூக்கி வாய்க்காலுக்குள் போட்டது. டிப்பர் நிற்கவில்லை. பிறேக் பிடிக்கவும் இல்லை. அந்தச் சாரதிக்குத் தான் இரண்டு உயிரைத் தொட்டுவிட்டுப் போகிறேன் என்று தெரியவே தெரியாது.

அபிகாயில் முழங்கால் தோல் கழன்று எழும்பி வந்தாள். "அறுவான், உவன்ரை கண் என்ன பிடரியிலையோ? இவ்வளவு லைற்றையும் காணேல்லையோ?" என்று போனவனையும் அவன் பெண்சாதி பிள்ளைகளையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, உங்கடை லைற் எரிஞ்சதுதானே?"

"எரிஞ்சது."

பனிக்குள் அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அது அவருக்கு வசதியாய்ப் போயிற்று.

அன்று வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிவிட்டபோதும் அந்த ஒரு சொல்தான் வாய்க்கால் நீளம் ஓடியது. எரிஞ்சது. பொய் சொல்வது அவருக்குப் புதிதல்ல. எத்தனையோ சோதனைச் சாவடிகளில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார், எல்லாம் உயிர் தப்பச் சொன்ன பொய். இது பிள்ளையின் உயிரை வைத்துச் சொன்ன பொய்.

உண்மையைச் சொன்னால் அவள் நாளைக்குத் தனியே போவாள். அது ஒரு பயம். சொல்லாமல் கூடப் போனால் கை திரும்பவும் பொத்தானுக்குப் போகும். அது மற்றப் பயம். பொழுதுபட்டு மம்மலாகும் நேரம் பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை எடுத்து நீளப் பட்டியாக வெட்டினார். சிவப்பு லைற்றைப் போட்டு, அது சிமிட்டச் சிமிட்ட, பொத்தானுக்கு மேலால் அந்த ரப்பர் பட்டியை வரிந்து வரிந்து சுற்றி முடிந்தார். வெங்காயச் சாக்குக்குப் போடுகிற முடிச்சு. பல்லால் இழுத்தாலும் கழலாது. அந்தச் சைக்கிளை அறைக்குள் கொண்டுபோய்ச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தார். சுவர் சிவந்து சிவந்து மறைந்தது. நித்திரை வரவில்லை.

விடிய வெளிக்கிடும்போது அபிகாயில் தன் மஞ்சள் யக்கற்றைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"பின்னாலை வாறது நீங்கள். இதை நீங்கள் போடுங்கோ."

"உனக்கு?"

"நான் இன்னொண்டு வாங்கிறன். நேற்று அவன் காணாமல் விட்டது உங்களைத்தான்."

அவர் அதை வாங்கினார். போட்டார். அவள் கேற்றைத் திறக்கப் போனதும் கறுப்புச் சுவெற்றரை அதற்கு மேலால் இழுத்துப் போட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினார். லைற்றைத்தான் கட்டியாயிற்று, இனி மறைக்க முடியாது. உடம்பையாவது மறைக்காவிட்டால் அவரால் அந்த றோட்டில் ஏற முடியாது.

யக்கற் இல்லாததால் அபிகாயிலின் சோல், அந்த நீளக் கம்பளிச் சால்வை, அன்று அடங்கி நிற்கவில்லை. கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நுனிகளைப் பின்னால் எறிந்திருந்தாள். குளிருக்கு நல்லது என்று அவரும் பேசாமல் விட்டார்.

பெரிய றோட்டில் பனி நேற்றையைவிட மோசம். பத்து முழத்துக்கு அங்கால் மகள் ஒரு சிவப்புப் புள்ளி. ஒரு மதகைத் தாண்டும்போது பின்னால், வெகு தூரத்தில், அது உறுமியது.

கை போனது. விரலுக்கு ரப்பர் தட்டுப்பட்டது. நகத்தால் கிண்டினார். ஏறவில்லை. இழுத்தார். சைக்கிள் ஆடியது. அவருக்குப் பின்னால் பனி முழுவதும் சிவந்து அணைந்து சிவந்து அணைந்து வந்துகொண்டிருந்தது. இந்தா இருக்கிறான், இந்தா இருக்கிறான் என்று ஒருவன் முதுகுக்குப் பின்னால் நின்று சத்தம் போடுவதுபோல் இருந்தது. முதுகுத் தோல் சுருண்டது. முப்பத்தொன்பது வருசமும் எங்கே போனதோ தெரியாது. ஹாண்டிலை ஒடித்தார். பூட்டிக் கிடந்த கடை ஒன்றின் மதிலோரம் பாய்ந்து, முன் லைற்றை அணைத்து, சிவப்பு லைற் மதிலில் அமுங்கும்படி சைக்கிளைச் சாத்தி, அதற்குப் பக்கத்தில் குந்தினார். இருட்டு. மூச்சை அடக்கினார்.

மகளை விட்டுவிட்டு வந்ததே அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"அப்பா?"

அபிகாயில் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பின்னால் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்த பார்வையில் சைக்கிள் கோணி, சோல் நுனி பின் சில்லுக்குள் போய்விட்டது. சடார் என்று விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டது. பிளாஸ்ரிக் உடைந்த சத்தமும் கேட்டது. அவளுடைய சிவப்புப் புள்ளி இல்லாமல் போயிற்று.

"அப்பா... சோல்... கழுத்து..."

குரல் பாதிதான் வந்தது. சில்லு சோலைச் சுருட்டிக்கொண்டு அவளைக் கழுத்தோடு சைக்கிளில் கட்டிப்போட்டிருந்தது. நடு றோட்டில் கிடந்தாள். முன் லைற் மட்டும் எரிந்துகொண்டு, அண்ணாந்து ஒரு வேப்பமரக் கொப்பைக் காட்டிக்கொண்டு கிடந்தது. றோட்டில் வருகிறவனுக்கு அது உதவாது. பின்னால் உறுமல் கிட்டவாக வந்துவிட்டது. வளைவு திரும்பினால் நேரே அவள்தான்.

கிருபைரட்ணத்தின் கால் எழும்பவில்லை. சாரம் நனைந்தது. அவர் அந்த லைற்றையே பார்த்தார். அண்ணையின் லைற் சில்லு நிற்க அணைந்தது. இது அணையும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இது அணையவில்லை. பற்றரி லைற். சில்லு சிக்கி நின்றுவிட்டது, லைற் எரிகிறது, பிள்ளை இன்னும் கையை அசைக்கிறாள்.

எழும்பினார். சுவெற்றரின் பொத்தான்களைக் கழற்றப் பொறுமை இல்லை, பிய்த்தார். அதை எறிந்துவிட்டு ஓடினார். மகளிடம் ஓடவில்லை. வாகனம் வருகிற பக்கம் ஓடினார்.

"அப்பா... இஞ்சை..." என்றது பின்னால் குரல்.

வளைவில், நடு றோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தார். பனிக்குள் முதலில் மஞ்சளாய் ஒரு கலங்கல் தெரிந்தது. பிறகு அது இரண்டு கண்ணாகப் பிரிந்தது. அவரைக் கண்டது. தன் நெஞ்சில் இருந்த பட்டிகள் வெள்ளையாய்ப் பற்றி எரிவதைக் குனிந்து பார்த்தார். அந்த நேரத்தில் வேதாகமத்துச் சங்கீதத்தில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "அண்ணை" என்ற சொல்தான் வந்தது. இனிச் சுடுவான் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பிறேக் கிறீச்சிட்டது. ரயர் கருகிய மணம் மூக்கில் ஏறியது. சூடான காற்று ஒன்று முகத்தில் அடித்து நின்றது. கண்ணைத் திறந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு லொறியின் மூஞ்சி.

"கிழவா," என்று மேலே இருந்து குரல் வந்தது, "சாக விருப்பமெண்டால் ரயில் பாதையிலை போய்ப் படன். ஏன் என்ரை லொறியைத் தேடி வந்தனி?"

கிருபைரட்ணம் நின்ற இடத்தை விட்டு விலகவில்லை. பின்னால் கையைக் காட்டினார். கிளீனர் குதித்து ஓடினான். தேங்காய் மூட்டைக் கயிறு அறுக்கிற கத்தி அவனிடம் இருந்தது. சோலை இரண்டு இடத்தில் அறுத்து அபிகாயிலைத் தூக்கி மதகில் இருத்தினான். அவள் இருமி இருமி மூச்சை இழுத்தாள். கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு.

சாரதியும் இறங்கி வந்து பார்த்தான். அவள் கிடந்த இடத்தையும் தன் லொறியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது.

"பெரியவர், உந்த யக்கற் மினுங்கேல்லையெண்டால் நான் அக்காவைக் கண்டிருக்கமாட்டன். கண்டிருக்கவே மாட்டன்."

"ஓம்," என்றார் கிருபைரட்ணம். லொறி நின்ற பிறகு அவர் பேசிய முதல் சொல் அது.

லொறி போனது. அபிகாயில் நொண்டிக்கொண்டு போய் மதிலோரம் சாத்தியிருந்த தகப்பனின் சைக்கிளை எடுத்துவந்தாள். சுவெற்றரையும் பொறுக்கி வந்தாள். சிவப்பு லைற் அவள் கையருகே சிமிட்டியது. அதில் சுற்றியிருந்த ரப்பர் பட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"இதேன் அப்பா கட்டினனீங்கள்?"

"கை போகாமல் இருக்க."

"எங்கை போகாமல்?"

அவர் கீழே பார்த்தார். "லைற்றை நிப்பாட்ட."

பிய்ந்த பொத்தான்கள் தொங்கிய சுவெற்றரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "டிப்பர் வந்த அண்டைக்கு?"

"நிப்பாட்டினனான்."

"எல்லா நாளுமோ?"

"எல்லா நாளும்."

"பெரியப்பாவாலையோ?"

ஓம் என்று அவர் தலையை ஆட்டினார். செபநாயகத்தின் கதை அவளுக்குத் தெரியும், சாவு வீட்டுக் கதையாகத் தெரியும். அந்த லைற் எப்படி அணைந்தது என்பது தெரியாது. மதகில் இருந்து அவர் அதைச் சொன்னார், இரண்டு வசனத்தில். அவருக்கு அதற்குமேல் சொல்லத் தெரியாது.

அபிகாயில் கழுத்தைத் தடவிக்கொண்டு இருந்தாள். "நான் அந்த டிப்பர்க்காரன்ரை பிள்ளையளைக்கூட விடாமல் எல்லோ திட்டினனான்," என்றாள். "பாவம் அவன்."

"பாவம்தான்."

"கதையாதேங்கோ. எனக்கு இப்ப உங்களோடை கதைக்க விருப்பமில்லை."

ஐந்தேகால் பஸ் அன்று அவளை விட்டுவிட்டுப் போனது.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் கேற்றடியில் நின்று கத்தரிக்கோலால் ரப்பர் பட்டியை வெட்டி எறிந்தாள். அவள் போட்டிருந்தது புது யக்கற். பழையது அவருக்கு, சுவெற்றருக்கு மேலால்.

"லைற்றைக் கட்டிவைச்சு ஓடேலாது. கட்டினால் நீங்கள் என்னை விட்டிட்டுப் போய் மதிலுக்கை ஒளிப்பியள். இண்டையிலை இருந்து நீங்கள் முன்னாலை. நான் பின்னாலை வாறன்."

"பின்னாலை வாறதிலைதான் பிள்ளை முதலிலை..."

"தெரியும். அதுக்குத்தான் இது." தன் நெஞ்சில் இருந்த பட்டியைத் தட்டிக் காட்டினாள். "ஏறுங்கோ. பஸ் போயிடும்."

ஏறினார். ஒழுங்கையைத் தாண்டிப் பெரிய றோட்டுக்கு வந்தார்கள். பனி கொஞ்சம் குறைந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் மகளின் சைக்கிள் செயின் கிறுகிறுத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும் பின்னால் என்ன வருகிறது என்று கேட்கக் காதைக் கூர்ப்பாக்கிக்கொண்டு மிதித்தார்.

மதகடியில் அது உறுமியது.

இடது கை பிடியை விட்டது. சீற்றைத் தேடிப் போனது. பொத்தான் விரலில் தட்டுப்பட்டது, இப்போது ரப்பர் இல்லை, மெல்ல அமத்தினால் போதும்.

"அப்பா. கை."

கை அந்தரத்தில் நின்றது. திரும்பி வந்து பிடியைப் பிடித்தது. முழங்கைவரை வியர்த்தது. பின்னால் வந்த வெளிச்சம் அவருடைய நிழலை முன்னால் றோட்டில் நீட்டிப் போட்டது. நிழல் நீண்டு, பிறகு வேகமாகச் சுருங்கிச் சுருங்கி அவருடைய சில்லுக்குக் கிட்ட வந்தது. பல்லைக் கடித்தார். வாகனம் நன்றாக விலத்தி, றோட்டின் மற்றக் கரையால் போனது. பேக்கரிப் பாண் வான். பாண் மணம் கொஞ்சத் தூரம் நின்றது.

"போயிட்டுது அப்பா," என்றாள் அபிகாயில்.

கிருபைரட்ணம் இரண்டு பிடியையும் இறுக்கிப் பிடித்தபடி மிதித்தார்.

"இன்னும் ஒண்டு வருது," என்றார்.